சொல்லிவிட்டுப் போகிறேன்

அம்மா வேலைக்குப் போகும் வீடுகளில் காலையில் ஒரு சின்னச் சதி நடப்பதுண்டு. பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் காக்கா காட்டுவார். அதற்குள் அம்மா வாசல் வழியே நழுவிவிட வேண்டும். என் மாமியாரும் அதைத்தான் சொன்னார்: "அவன் பார்க்காம கிளம்பிடும்மா. பார்த்தா அழுவான்."

அழட்டும் என்பது என் கட்சி.

1952இல் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். பெற்றோர் உடன் தங்க முடியாது. பார்க்க வருவதற்கே கட்டுப்பாடு. அவர்கள் வந்து போனால்தான் பிள்ளைகள் அழுகிறார்கள், வராவிட்டால் அடங்கிவிடுகிறார்கள் என்பது அன்றைய மருத்துவமனைகளின் நியாயம். அந்த அடக்கத்தைத்தான் ராபர்ட்சன் சந்தேகப்பட்டார். முதலில் அழுகை, பிறகு சோர்வு, கடைசியில் அம்மாவே வந்து நின்றாலும் ஒட்டாத விலகல் என்று அது போவதை அவர் கவனித்திருந்தார். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம். ஆனால் 1959இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கச் சொன்னது.

எட்டு நாள் மருத்துவமனையும் என் அலுவலகமும் ஒன்றல்ல, தெரியும். சில நிமிடப் பிரிவை ஆராய்ந்தவர் உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த். அம்மா அறையைவிட்டுப் போகிறாள், சற்றுப் பொறுத்துத் திரும்புகிறாள். குழந்தை அழுததா என்பதைவிட, அவள் திரும்பியதும் என்ன செய்தது என்பதே அவருக்கு முக்கியம். ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போகும் பிள்ளைக்குப் பற்று உறுதியாக இருக்கிறது. அழாமலே இருந்து, வந்தவளைக் கண்டுகொள்ளாத பிள்ளை பார்ப்பதற்குச் சமர்த்து. பின்னாளில் இதயத் துடிப்பை அளந்தவர்கள் உள்ளே தவிப்பைக் கண்டார்கள்.

இதே எயின்ஸ்வர்த் அதற்குமுன் உகாண்டாவில் குடும்பங்களோடு பழகிப் பார்த்தவர். அம்மாவைத் தவிர வேறு சிலரிடமும் அங்கே குழந்தைகள் பற்று வைத்திருந்தன. ஆகவே பாட்டியின் இடுப்பும் பத்திரமான இடம்தான். வேலைக்குப் போகும் பெண்ணைக் குற்றவாளியாக்க யாரும் இந்த ஆய்வுகளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

எனக்கு உறுத்துவது நழுவுவதுதான். சற்று நேரம் திரும்பினால் அம்மா காணாமல் போவாள் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, காக்காவை எப்படி நிம்மதியாகப் பார்க்கும்?

ஆறு மணி என்றால் அவனுக்குப் புரியாது. "நீ தூங்கி எழுந்து, பால் குடிச்சு, பாட்டியோட கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் வருவேன்" என்கிறேன். அழுகிறான். கையாட்டிவிட்டுப் போகிறேன். பேருந்து தாமதமானால் போனில் அழைத்துச் சொல்கிறேன். "ஒரு வாண்டுக்கு இவ்வளவு தகவலா!" என்று மாமியாருக்குச் சிரிப்பு. அவர் மகனோ இன்னும் பைக்கைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறார்.