பழசுக்கு என்ன பதில்?

பத்து வருஷம் ஓடிய பம்புசெட்டில் ஒரு பாகம் தேய்ந்துபோனால் கோயமுத்தூர்க்காரர் கேட்கிற முதல் கேள்வி, 'இதுக்கு ஸ்பேர் கெடைக்குமுங்களா?' 'அந்த மாடலே நின்னுபோச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க' என்று பதில் வந்தால் வயிறு எரிகிறது. விற்றவர் ஏமாற்றவில்லை. இருந்தும் ஏதோ வாக்குத் தவறிய மாதிரி தோன்றுகிறதே, அப்படி ஒரு வாக்கு உண்டா?

கம்ப்யூட்டர் சிப் செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஏராளமாகச் செலவழித்திருக்கிறார்கள். இன்டெல் 1978-ல் 8086 பிராசஸரைக் கொண்டுவந்தது. ஒரே கடையை நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பாததால், 1982-ல் ஏ.எம்.டி.க்கும் அதே வகைச் சிப்பைச் செய்ய உரிமை கிடைத்தது. பின்னால் 64 பிட் காலம் வந்தது. இன்டெல், எச்.பி.யுடன் சேர்ந்து பழசை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரைந்த 'இட்டானியம்' 2001-ல் வெளிவந்தது. பழைய மென்பொருள் அதில் ஓடியது, ஆனால் நொண்டிக்கொண்டு. ஏ.எம்.டி. 2003-ல் செய்தது வேறு: பழைய வீட்டின் மேலேயே ஒரு மாடி. பழைய புரோகிராம்கள் அப்படியே ஓடின. ஜனங்கள் மாடி வீட்டுக்கே போனார்கள். 2004-ல் இன்டெலும் அதே வழிக்கு வந்தது. இட்டானியத்தின் கடைசிச் சரக்கு 2021-ல் போய்ச் சேர்ந்தது.

'சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது, இதில் தர்மம் எங்கே வந்தது?' என்பீர்கள். சந்தை, வாங்குகிறவனின் பேச்சைத்தான் கேட்கும். ஏற்கெனவே வாங்கி முடித்தவனுக்கு யார் பேசுவது?

தமிழ் எழுத்துருக்களைப் பாருங்கள். தொண்ணூறுகளில் கம்பெனிக்கு ஒரு குறியீடு. ஒன்றில் அடித்த கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் கோழி கிளறிய குப்பை. 1999-ல் சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடும் தமிழ் இணைய மாநாடும் நடந்தபோது, யூனிகோடுதான் தரம், அது போதாத இடங்களில் டேஸ்-16 என்று தமிழக அரசு ஆணையிட்டது. யூனிகோடில் 'கி' என்பது ககரமும் கொக்கியுமாக இரண்டு குறியீடு. டேஸில் ஒன்றே ஒன்று. டேஸ்தான் சுத்தம். ஆனால் உலகம் அதற்குள் யூனிகோடில் குடியேறியிருந்தது. இன்று உங்கள் கைபேசியில் இருப்பதும் அதுதான்.

நடுவில் மாட்டிக்கொண்டது, பழைய எழுத்துருவில் ஆய்வேட்டையும் ஊர் வரலாற்றையும் அடித்து வைத்தவர். கம்பெனி மூடிவிட்டது, குறியீட்டு அட்டவணை யாரிடமும் இல்லை என்றால் அவர் உழைப்பு என்ன ஆகும்? அவர் செய்த குற்றம், கிடைத்ததை நம்பியதுதான்.

அதற்காகப் பழசை என்றைக்கும் சுமக்கச் சொல்வதும் நியாயமில்லை. இன்றைய இன்டெல், ஏ.எம்.டி. சிப்கள்கூட விழிக்கும்போது 8086 மாதிரிதான் கண்ணைத் திறக்கின்றன. அந்தச் சுமைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த நியாயம் இவ்வளவுதான். பூட்டை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே அடுத்தவர் பொருள் இருந்தால், பழைய சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். மாடலை நிறுத்துகிறீர்களா, வரைபடத்தை வெளியே விடுங்கள். எழுத்துருவைக் கைவிடுகிறீர்களா, அட்டவணையைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இதற்கு அதிகம் செலவாகாது.

நீங்களும் அடுத்த முறை ஒரு மென்பொருள் வாங்கும்போது, என்னவெல்லாம் செய்யும் என்று கேட்பதற்கு முன்னால், 'நான் போட்டு வெச்சதை நாளைக்கு வெளிய எடுக்க முடியுமுங்களா?' என்று கேட்டுவிடுங்கள்.