பார்த்தலும் பொறுப்பும்

பறவை பார்ப்பதில் பொழுதைச் செலவிடும் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. "பார்த்து என்ன கிடைக்கிறது, நானா?" என்று என் இளைய நண்பர் ஒருவர் அடிக்கடி கேட்பார். பிடிப்பதில்லை, வளர்ப்பதில்லை, விற்பதில்லை. வெயிலில் நின்று வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்புவதில் என்ன பயன் என்பது அவருடைய நியாயம். பறவைகள் பூச்சிகளைத் தின்கின்றன, விதைகளைப் பரப்புகின்றன, உல்லாசப் பயணிகளை வரவழைக்கின்றன என்றெல்லாம் பதில் சொல்லலாம். அவை உண்மைதான். ஆனால், பார்க்கும்போது எனக்குள் எழும் மகிழ்ச்சிக்கு அவை எவையும் காரணமல்ல.

அந்த மகிழ்ச்சியின் இயல்பு வேறு. எனக்கு எவ்விதத்திலும் கடமைப்படாத, என்னை ஒரு பொருட்டாகவே கருதாத ஓர் உயிர் தன் வாழ்வை வாழ்ந்துகொண்டிருப்பதைக் காண்பதால் வருவது அது. நம் வீடுகள் பலவற்றில் கூட்டுக்கிளிகள் இருந்திருக்கின்றன. அன்போடுதான் வளர்த்தோம். எனினும், கூட்டுக்கிளி நமது சொற்களையே நமக்குத் திருப்பிச் சொல்கிறது. காட்டுப் பறவையிடம் நாம் எதிர்பாராத செய்தி இருக்கிறது. மன்னார்ப் பகுதியின் கடற்கரைகளில் காணக்கூடிய நண்டுண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். கரைப்பறவைகள் பெரும்பாலும் திறந்தவெளியில் முட்டையிட, கறுப்பும் வெள்ளையுமான இப்பறவை மணலில் வளை தோண்டி, உள்ளே ஒரே ஒரு வெள்ளை முட்டையை இடுகிறது. அடைகாப்பதில் மணலின் சூடும் பங்கு கொள்கிறது. இப்படியும் ஒரு வாழ்வு உண்டா என்ற வியப்பில் மனம் சற்று விசாலமடைகிறது.

விசித்திரமான பறவைகளைத் தேடி வெகுதூரம் போகவேண்டும் என்பதில்லை. மாரி நெருங்கும் மாதங்களில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும் ஆறுமணிக்குருவி நம் வளவுகளிலேயே இறங்குகிறது. காலையிலும் மாலையிலும் அது கூவுவதைக் கேட்டு நாம் அதற்கு நேரத்தின் பெயரை வைத்தோம். சிங்கள நாட்டார் கதையோ, மயில் அபகரித்துச் சென்ற தன் ஆடைக்காக அது அழுவதாகச் சொல்கிறது. ஒரே குரலில் நாம் மணிக்கூட்டைக் கேட்டோம். அவர்கள் இழப்பைக் கேட்டார்கள். குருவி தன் இரைநிலத்தின் எல்லையை அறிவித்துக்கொண்டிருந்தது. நாம் கேட்பது வேறு, அது சொல்வது வேறு என்று உணர்வதே பணிவின் முதற்பாடம் எனலாம்.

இந்தப் பணிவுக்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1995ஆம் ஆண்டில் பறவையியலாளர் தீபால் வரக்காகொட மழைக்காட்டின் இருளில் இனந்தெரியாத ஒரு குரலைக் கேட்டார். குரலுக்குரிய பறவையை அவர் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜக் காட்டில். செம்பழுப்பு நிறச் சிறிய ஆந்தை அது. 2004இல் புதிய இனமாக விபரிக்கப்பட்டது. 1970களில் சிங்கராஜக் காட்டின் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நின்ற திலோ ஹொப்மனின் பெயர் அதன் விஞ்ஞானப் பெயராயிற்று. வழக்குப் பெயரிலோ, அறபுக் கடலோடிகள் இத்தீவுக்கு இட்ட 'ஸெரண்டிப்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. புதிய பறவை என்கிறோம். நமக்குத்தான் அது புதிது. பெயரின்றியே அது தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வாழ்ந்து வந்திருக்கிறது. ஒரு குரலின் பின்னால் ஐந்து வருடங்களுக்கு மேல் காத்திருந்த பொறுமைதான் என்னைப் பெரிதும் கவர்கிறது.

எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை. பார்வைக்கும் பேராசை உண்டு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அரிய பறவைகளை வெளியே இழுக்கிறார்கள். எதிரி வந்துவிட்டதென்று அது இரையையும் கூட்டையும் விட்டு ஓடி வருகிறது. பூநாரைக் கூட்டம் ஒருமித்து எழுந்து பறக்கும் அழகைப் படமெடுப்பதற்காக நெருங்கிச் சென்று விரட்டுகிறார்கள். நம் கண்ணுக்கு விருந்தான அந்த ஒரு நிமிடம் அதன் இரைநேரத்திலிருந்து பறிக்கப்பட்டது. கூட்டில் அடைக்கவில்லை என்பதனால் மட்டும் நம் கை சுத்தமாகிவிடாது. அது தலை குனிந்து மேய்ந்துகொண்டே இருக்கும் தூரத்தில் நின்று பார்ப்பதே நேர்மையான பார்வை.

இன்னும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. தென்கிழக்குக் கரையிலுள்ள புந்தல, 1990இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் அங்கே பெருந்தொகையாக வந்தன. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் கலந்தது. உப்பு குறைந்தது, உவர்நீரில் வாழும் அவற்றின் இரையும் குறைந்தது, பூநாரைகள் வருவது அருகிப்போயிற்று. வயலுக்குத் தண்ணீர் விட்ட விவசாயியைக் குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒருவனின் சோற்றுக்காக இன்னோர் உயிரின் உணவு போயிற்று என்றால், அந்தக் கணக்கை யாராவது எழுதி வைக்கத்தான் வேண்டும். பறவைகள் முறைப்பாடு செய்வதில்லை. அவை வராமல் விடுகின்றன, அவ்வளவுதான். அந்த வராமையை அறியக்கூடியவன், வந்தபோது பார்த்திருந்தவன் மாத்திரமே.

நண்பரின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: பார்ப்பதால் கிடைப்பது சாட்சியாகும் பொறுப்பு. மகிழ்ச்சி அந்தப் பொறுப்பின் முன்பணம். நபி ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில், ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் அணிதிரண்ட பெரும் படையின் நடுவே, ஹுத்ஹுத் என்ற ஒரு சிறு பறவை இல்லாததை அந்த அரசர் கவனிக்கிறார். எங்கே அது என்று கேட்கிறார். நமது வரண்ட பிரதேசங்களிலும் காணக்கூடிய கொண்டலாத்திதான் அந்த ஹுத்ஹுத். அதனைப் பார்த்தே அறியாத ஒரு தலைமுறைக்கு, அது இல்லாமற்போகும் நாளில் அந்தக் கேள்வியைக் கேட்கவும் தெரியாது.