யாருக்காகப் படிப்பு?

மேற்படிப்பு என்று வந்துவிட்டால் வீடே கூடி யோசிக்கிறது. தந்தை செலவைக் கணக்கிடுகிறார். மாமா உத்தியோகத்தை எண்ணுகிறார். தாய் ஊரின் தூரத்தை நினைக்கிறாள். கிறிஸ்தவ வீடுகளில் இன்னொரு கேள்வியும் எழுகிறது: "இதில் ஆண்டவருடைய சித்தம் என்ன?"

நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடி, வேதப் புத்தகத்தைக் கண்மூடித் திறந்து ஒரு வரியில் விரல் வைப்பவர்கள் உண்டு. இடம் கிடைத்தால் கர்த்தர் கொடுத்தார், கிடைக்காவிட்டால் அவருக்கு விருப்பமில்லை என்று முடித்துக்கொள்பவர்களும் உண்டு. திருவுளச்சீட்டுப் போடுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

ஐடா ஸ்கடரை எண்ணிப் பாருங்கள். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். மருத்துவ மிஷனரி ஒருவரின் மகள். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்தார். மீண்டும் அமெரிக்கா சென்று அங்கேயே வாழ்வதுதான் அவருடைய ஆசை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. அவருடைய தந்தை வரச் சித்தமாயிருந்தும், அந்நிய ஆடவர் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. நடந்தது மூன்று மரணங்கள், அவ்வளவுதான். அவற்றைக் கேட்டு வருந்திவிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம். 'இது உன்னைப் பற்றியது' என்று சொல்லி அவரைத் தடுத்து நிறுத்தியது நம்பிக்கை. அதன் பிறகும் பிரார்த்தனை அவருக்குப் பட்டம் வாங்கித் தரவில்லை. படித்துத்தான் 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தேறினார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையே தொடங்கினார்.

அப்படியானால், ஆசைக்கு எதிரானதெல்லாம் கடவுள் சித்தமா? அதுவும் இல்லை. ஆல்பர்ட் ஷ்வைட்சர் இசையையும் தத்துவத்தையும் உயிராக நேசித்தவர். முப்பது வயதுவரை அவற்றுக்காக வாழ்வது, பிறகு மனிதருக்கு நேரடியாகத் தொண்டு செய்வது என்று 21-ஆம் வயதில் முடிவு செய்தார். 1905-இல், பேராசிரியர் நாற்காலிக்குத் தகுந்தவர், மாணவர் பலகையில் போய் உட்கார்ந்தார். நண்பர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. 1913-இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேவுக்குப் புறப்பட்டார். இசையையும் அவர் துறந்துவிடவில்லை. ஆர்கன் வாசித்து ஈட்டிய பணம் அவருடைய மருத்துவமனைக்கு உதவியது.

ஒருவருக்கு ஓர் இரவு. மற்றவருக்கு ஒன்பது ஆண்டுகள். இருவருக்கும் பொதுவானது ஒன்றுதான். 'எனக்கு எது கிடைக்கும்?' என்பதைவிட, 'என்னிடம் யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது?' என்ற கேள்வி அவர்களுக்குப் பெரிதாயிற்று.

எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை நம்பிக்கை எழுதிக் காட்டுவதில்லை. அதை மதிப்பெண்ணும் பணமும் பெரியவர்களின் அறிவுரையும் பார்த்து நாம்தான் தீர்மானிக்க வேண்டும். தவறினால் பழியைக் கடவுள் மேல் போடவும் கூடாது. ஆனால் பட்டம் பெற்ற அன்று யார் வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறோம் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். விண்ணப்பத்தை நிரப்பும் இளைஞன் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் செவிகொடுத்தால் போதும். அவன் பிரார்த்தனை வீண்போகவில்லை.