பரிசா, பரிதானமா?



முழுஆண்டுப் பரீட்சை முடிகிற காலம் இது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி வந்து, "பாஸ்டர், பையனோட டீச்சருக்கு வருஷக் கடைசியில ஏதாவது கொடுக்கணும். என்ன கொடுத்தா நல்லா இருக்கும்?" என்று கேட்டார்கள். சாதாரணக் கேள்விதான். "நல்ல பேனா ஒண்ணு வாங்கிக் கொடுங்க சிஸ்டர்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டுப் பீரோவில் கிடந்த ஒரு சேலை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அது என் வெட்கத்தின் கதை. மறைக்காமல் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் மூத்த மகள் பிளஸ் டூ படித்தாள். வேதியியலில் கொஞ்சம் பலவீனம். அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர் சாயங்காலம் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார வைத்து, ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றி சொல்ல வேண்டியது நியாயம்தான். ஆனால் நான் எப்போது சொன்னேன் தெரியுமா? செய்முறைத் தேர்வுக்கு நாலு நாள் முன்னால்! 1,400 ரூபாய்க்கு ஒரு சேலை வாங்கி, மேலே "அன்பளிப்பு" என்று எழுதி, மகள் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பையிலிருந்து சேலையை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். "தப்பா நினைக்காதீங்க ஐயா. ரிசல்ட் வந்த பிறகு கொடுங்க, சந்தோஷமா கட்டிக்கிறேன். இப்ப நான் வாங்கிக்கிட்டா, நாளைக்கு உங்க பொண்ணு நல்லா செஞ்சு மார்க் வாங்கினாலும், அது தன்னோட மார்க்தானான்னு அவளுக்கே சந்தேகம் வந்துடும்" என்றார்கள்.

எனக்கு உள்ளுக்குள் கோபம். அன்பாகக் கொடுத்ததைத் திருப்பித் தருகிறார்களே என்று முணுமுணுத்தேன். மே மாதம் ரிசல்ட் வந்தது. மகள் நல்ல மார்க்கில் பாஸ். சேலை பீரோவிலேயே இருந்தது. நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று நாள் ஓடியது. ஆகஸ்டில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மனைவி, "என்னங்க, அந்தச் சேலையை இவங்களுக்கு வெச்சுக் கொடுத்துடலாமா?" என்றாள். நானும் "சரி" என்றேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கர்த்தர் என் உள்ளத்தில் பேசினார். மகனே, அது நன்றியாக இருந்திருந்தால் மே மாதத்தில் வற்றிப்போயிருக்குமா? வற்றினது உன் தேவைதானே!

பிரியமானவர்களே, வெகுமதி என்றும் பரிதானம் என்றும் நம் வேதத்தில் இரண்டு வார்த்தைகள் உண்டு. கடையில் இரண்டும் ஒரே தாளில்தான் சுற்றப்படுகின்றன, விலையும் ஒன்றுதான். வித்தியாசம் கொடுக்கிறவனுடைய இருதயத்தில் இருக்கிறது. பரிதானம் வாங்கினவனுக்குக் கண் இருந்தும் தெரியாமல் போகும் என்கிற எச்சரிப்பை யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். நான் அந்த டீச்சருடைய கண்ணைத்தான் கட்டப் பார்த்தேன். அவர்களோ என் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

அப்படியானால் ஆசிரியருக்கு ஒன்றுமே கொடுக்கக்கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நம் ஜனங்கள் வாத்தியாருக்கு நெல்லும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். எலிசா தீர்க்கதரிசியைப் பாருங்கள். நாகமான் கொண்டுவந்த பத்துத் தாலந்து வெள்ளியையும் ஆறாயிரம் பொன்னையும் தொடவில்லை. அதே எலிசா சூனேம் ஊராளின் வீட்டு மேலறையை ஏற்றுக்கொண்டார். அந்தத் தாய் என்ன செய்தாள்? இவர் அடிக்கடி இந்த வழியாய்ப் போகிறாரே, தங்க இடமில்லையே என்று கவனித்தாள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. அவ்வளவுதான். "உனக்காக ராஜாவிடம் பேசட்டுமா" என்கிற விதமாய் எலிசா கேட்டபோதும், என் ஜனத்தின் நடுவே சுகமாய் இருக்கிறேன், ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நல்ல பரிசுக்கு வேண்டிய இரண்டும் இங்கே இருக்கின்றன. ஒன்று, கவனித்துக் கொடுத்தாள். இரண்டு, பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆகையால் டீச்சருக்கு ஒன்று வாங்குமுன் நாம் நம்மையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, மார்க் போட்டு முடிந்த பிறகும் இதைக் கொடுப்பேனா? செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் 1962 முதல் கொண்டாடப்படுகிறது. அன்றைக்கு ஒரு பூ, ஒரு வாழ்த்து போதும். ஏனென்றால் பரீட்சைகள் இன்னும் முன்னால் இருக்கின்றன. ஏப்ரலில் கொடுப்பது சுத்தமானது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. "தம்பி அடுத்த வருஷம் இதே மிஸ்கிட்டதானே வர்றான்" என்று மனசு கணக்குப் போட்டால், அந்த ஏப்ரலும் எனக்குப் பிப்ரவரிதான்.

இரண்டாவது, மார்க் போடாதவர்களுக்கும் கொடுப்பேனா? சின்ன வகுப்பில் நம் பிள்ளை வாந்தி எடுத்தபோது துடைத்துவிட்ட ஆயாம்மா யார்? மழையில் வேனிலிருந்து இறக்கி, குடை பிடித்துக் கூட்டிப்போன டிரைவர் அண்ணன் யார்? அவர்கள் கையில் சிவப்புப் பேனா இல்லை. அதனாலேயே நம் பட்டியலிலும் இல்லை!

மூன்றாவது, என் பரிசு எந்தப் பிள்ளையைத் தலைகுனிய வைக்கிறது? நம் சபையைச் சேர்ந்த ஒரு ஆட்டோ ஓட்டும் சகோதரனுடைய மகள் வகுப்பில், டீச்சருக்குப் பட்டுச் சேலை எடுக்க ஆளுக்கு 300 ரூபாய் வசூல் பண்ணினார்கள். அந்த வாரம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. கடைசி நாளில் பிள்ளை "வயிறு வலிக்குது" என்று பள்ளிக்கூடம் போகவில்லை. பட்டுச் சேலை வாங்கின டீச்சருக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் அதைக் கட்ட மனம் வந்திருக்காது. ஏழை விதவையின் இரண்டு காசை ஆண்டவர் பெரிதாக எண்ணினார். நாமோ அந்த இரண்டு காசு உள்ளே நுழையவே முடியாதபடி 300 ரூபாய் வாசல் கட்டிவிடுகிறோம்.

சட்டமும் இதில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 அரசு ஊழியர் பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதையே தடை செய்கிறது. பெரிய பரிசைக் கொடுத்து அவர்களை இக்கட்டில் மாட்டிவைப்பது அன்பாகுமா?

இப்போது என்னைப்பற்றி ஒரு வார்த்தை. டீச்சரை மட்டும் எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. எனக்கும் கவர் வருகிறது. கையைக் குலுக்கும்போதே உள்ளங்கைக்குள் வைக்கிறார்கள். ஒரு முறை ஒரே வாரத்தில் இரண்டு வீட்டில் வியாதி. கனமான கவர் கொடுக்கிற வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை போனேன். கொடுக்க முடியாத வீட்டுக்குச் சனிக்கிழமைதான் போனேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். நாகமானுக்குப் பின்னால் ஓடின கேயாசி தூரத்தில் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. கொடுப்பவர்கள் கள்ளமில்லாமல்தான் கொடுத்தார்கள். வாங்கின என் கால்தான் வழி மாறிப்போனது. ஆகவே கொடுக்கிற நாமும், வாங்குகிறவர்களுடைய பலவீனத்தை நினைத்து, அவர்களைக் காப்பாற்றுகிற விதமாய்க் கொடுக்கவேண்டும்.

சரி, என்னதான் கொடுக்கலாம்? தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. 30 பேரும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தால் அந்த வீட்டில் மாட்ட இடம் ஏது? சூனேம் தாயைப்போல் கவனியுங்கள். நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பாடம் நடத்துகிறவர்களுக்குத் தொண்டை கட்டும். நூறு கிராம் பனங்கற்கண்டு போதும். மல்லிகை வைத்துக்கொள்கிற டீச்சருக்கு இரண்டு முழம் பூ. வகுப்பு அலமாரிக்கு, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளும் படிக்கும்படி ஒரு கதைப் புத்தகம்.

எல்லாவற்றிலும் மேலானது பிள்ளை தன் கையால் எழுதும் ஒரு கடிதம். "நன்றி மிஸ்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். எந்த நாளில் எது புரிந்தது, யார் சிரித்தபோது மிஸ் தடுத்தார்கள், அதை எழுதச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் நீங்கள் திருத்தாதீர்கள். அதை எழுதுவதற்குள் பிள்ளையே நன்றியைக் கற்றுக்கொள்ளும். கடையில் வாங்கிக் கையில் திணித்தால் அந்தப் பாடம் வராது.

போன வருஷம் விசாரித்துக்கொண்டு அந்தக் கெமிஸ்ட்ரி டீச்சர் வீட்டுக்குக் குடும்பமாய்ப் போனோம். ஓய்வு பெற்றுவிட்டார்கள். இனி அவர்களால் எங்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மனைவி வீட்டில் சுட்ட முறுக்கும், மகள் எழுதின இரண்டு பக்கக் கடிதமும்தான் கொண்டுபோனது. சேலை விஷயத்தை நானே எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துக் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்கள். நாங்கள் எழுந்து வரும்வரை அது அவர்கள் மடியில்தான் இருந்தது.

தேவபிள்ளையே, உன் வீட்டுப் பீரோவில் அப்படி ஒரு சேலை கிடக்கிறதா? யாருக்கென்று வாங்கினாய், எதற்காக வாங்கினாய் என்று இன்று ஜெபத்தோடு யோசித்துப் பார். காலம் கடந்துவிட்டது என்று வெட்கப்படாதே. மார்க் முடிந்த பிறகு போகிற நன்றிக்குத்தான் பலன் அதிகம். கர்த்தர் நம் பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.