கருணையின் வேகம்

துன்புற்றாரைத் தேடிச் செல்பவன் வழியில் தானறியாமல் ஓர் உயிரைக் கொன்றுவிட்டால், அவன் புறப்பட்ட நோக்கத்தின் தூய்மை அந்தக் கொலையின் மாசைக் கழுவிவிடுமா என்பது பழைய கேள்வி. எனினும், பஞ்சமும் போரும் வெள்ளமும் நேர்ந்த இடங்களுக்கெல்லாம் உணவையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு வெள்ளை நிற வண்டிகளில் விரைகின்ற நிவாரண ஸ்தாபனங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் அது புதிய உருவத்தோடு நம்முன் வந்து நிற்கிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வறிய நாடுகளையும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். அதாவது, பரோபகாரிகள் தங்கள் வண்டிகளைக் கொண்டு செல்லும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற்காரணம் சாலையே என்றும் அக்கணக்கு கூறுகிறது. தடுப்பு மருந்தால் பிழைத்து ஐந்து வயதைக் கடந்த குழந்தைக்கு அடுத்த பேரபாயம், அம்மருந்து வந்த சாலையிலேயே காத்திருக்கிறது.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கத் தூதராயிருந்த சமந்தா பவர், போக்கோ ஹராம் கூட்டத்தாரின் கொடுமைக்கு அஞ்சி வீடுவாசலைத் துறந்தோரின் நிலையை நேரில் அறியும்பொருட்டுக் கேமரூன் நாட்டின் வடகோடியில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, அவருடைய வாகன வரிசையிலிருந்த வண்டியொன்று, சாலைக்குள் ஓடிவந்த சிறுவன் ஒருவனை மோதிக் கொன்றது. இனப்படுகொலைகளை உலகம் கைகட்டிப் பார்த்து நின்ற கதையை ஒரு பெருநூலாக எழுதி, அதன் வாயிலாகவே பெயர் பெற்றவர் அவர். அன்றே அச்சிறுவனின் கிராமத்துக்குத் திரும்பிச் சென்று பெற்றோரிடம் துக்கம் தெரிவித்தார். பின்னர் அக்குடும்பத்துக்குப் பணமும், இரண்டு மாடுகளும், மாவும் வெங்காயமும் சோப்பும் அளிக்கப்பட்டன. ஒரு கிணறு அமைத்துத் தருவதாகவும் சொல்லப்பட்டது. இதைப் பரிகசிப்பது எளிது. நான் பரிகசிக்கமாட்டேன், ஈடு செய்யவே முடியாத ஒன்றுக்கு ஈடு தரவேண்டும் என்ற உணர்வு எந்தச் சமூகத்திலும் இப்படித்தான் தடுமாறும். அது அரசாங்கத்தின் அணிவகுப்பு, நிவாரண ஸ்தாபனத்தின் வண்டியன்று என்று வேறுபடுத்துவோர் உண்டு. புழுதியில் ஒதுங்கி நின்று வழிவிடுகிற கிராமத்தாருக்கு அந்த வேறுபாடு எவ்வளவு தூரம் புலப்படும் என்று தெரியவில்லை.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் திருவாரூரை நினையாதிருக்க இயலாது. சேக்கிழார் சொல்லும் மனுநீதிச் சோழன் வரலாற்றில், இளவரசனுடைய தேர்க்காலில் கன்று மடிகிறது. பசு மணியை அசைக்கிறது. அமைச்சர்கள் சாத்திரத்தில் விதிக்கப்பட்ட பிராயச்சித்தத்தை எடுத்துக் கூறுகிறார்கள். அரசன் அதை மறுத்துத் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிகிறான். கொல்லவேண்டும் என்ற சங்கற்பம் இளவரசனிடம் இருந்ததில்லை என்பதை அரசன் அறியாதவனல்லன். இருந்தும் பிறர் மகனுக்கு ஒரு நீதி, தன் மகனுக்கு ஒரு நீதி என்று வைக்க அவன் மனம் ஒப்பவில்லை. அந்த நீதியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு நாவெழாது. ஆயினும் நெடுங்காலமாக ஓர் ஐயம் எனக்குண்டு. கன்றுகள் துள்ளித் திரியும் அவ்வீதியில் தேர் எவ்வளவு வேகத்தில் செல்லலாம் என்று அதற்கு முன்போ பின்போ அரசன் ஓர் ஆணை பிறப்பித்ததாகக் கதையில் இல்லை. கன்றும் மகனும், அரசாணையை நிறைவேற்ற மனமின்றி உயிர்விட்ட அமைச்சனும் இறையருளால் உயிர் பெற்று எழுகிறார்கள். வீதி இருந்தபடியே இருக்கிறது.

இக்காலத்து அலுவலகங்களில் மனுநீதி மிக மலிவான விலையில் நடைபெறுகிறது. விபத்து நேர்ந்தால் டிரைவரை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று வெகுதூரத்திலுள்ள மூன்று ஊர்களில் ஒரே நாளில் மூன்று கூட்டங்களை வகுத்துக் கொடுத்தவர், தேய்ந்த டயரை மாற்றுவதற்கான விண்ணப்பத்தை அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒத்திப்போட்டவர், பின் இருக்கையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்செறிந்தவர் ஆகிய எவர்மீதும் தேர்க்கால் ஏறுவதில்லை. தவறு கடைசியாக யாருடைய கையில் இருந்ததோ அவனோடு தவறும் முடிந்துவிட்டதாகக் கருதுவது நீதியைப்போலத் தோன்றுகிற சோம்பல்.

இவ்விஷயத்தில் மிக நுட்பமாகச் சிந்தித்தவர்கள் சமணரே என்பது என் துணிபு. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், பிரமாதத்தினால், அதாவது அஜாக்கிரதையினால், உயிர் போவதையே ஹிம்சை என வரையறுக்கிறது. இதை விரித்த அமிருதசந்திரர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்: நெறிப்படி கவனத்தோடு நடப்பவனுடைய காலடியில் தற்செயலாக ஓருயிர் மாண்டாலும் அவனுக்கு ஹிம்சை இல்லை, கவனமின்றி நடப்பவனுக்கோ, உயிர் மாண்டாலும் மாளாவிட்டாலும் ஹிம்சை உண்டு. இந்த இரண்டாம் பகுதி முதற்பகுதியைக் காட்டிலும் பன்மடங்கு கடுமையானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேய்ந்த பிரேக்கோடு ஆயிரம் மைல் ஓடி ஒருவரையும் மோதாமல் திரும்பிய வண்டிக்காக நாம் கடவுளுக்கு நன்றி செலுத்துகிறோம். அமிருதசந்திரரின் கணக்கிலோ அந்த ஆயிரம் மைலும் ஹிம்சையாகவே எழுதப்படுகின்றன.

சமண முனிவர் நடந்து செல்லும்போது கைக்கொள்ளும் கட்டுப்பாட்டுக்கு ஈரியா சமிதி என்று பெயர். ஒரு நுகத்தடியின் நீளம், அதாவது ஏறத்தாழ நான்கு முழம், முன்னே நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும், இரவில் நடக்கலாகாது. வெறுங்காலால் மெல்ல நடப்பவருக்கு நான்கு முழம் போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியோ ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்த 22 மீட்டர் போய்விடுகிறது, வண்டி நிற்பதற்கோ அதன் பின்னும் தூரம் வேண்டும். சராசரி வேகம் நூற்றில் ஒரு பங்கு கூடினால் மரணம் விளைக்கும் விபத்து நூற்றில் நான்கு பங்கு கூடுகிறது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறும் கணக்கு. வேகத்தைத் தேர்ந்துகொள்பவன், தன் கண்ணுக்கு எட்டாத தூரத்திலுள்ள உயிர்களுக்கும் பொறுப்பேற்கிறான்.

‘அறியாமல் செய்தேன்’ என்பதற்குப் பௌத்த நூலான மிலிந்தன் வினாக்களில் ஒரு விடை இருக்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டைத் தெரிந்து தொடுபவனைவிடத் தெரியாமல் பற்றுபவனுக்கே கை அதிகம் வேகும் என்கிறார் அந்நூலில் விடையளிக்கும் பிக்கு நாகசேனர். வினயப் பிடகத்திலுள்ள, நோக்கமில்லாத கொலைக்குத் துறவியைச் சங்கத்திலிருந்து விலக்குவதில்லை என்ற விதியோடு இதை எப்படிப் பொருத்துவது என்று அறிஞர்கள் வாதிடட்டும்.

நமக்கு அருகிலுள்ள சாட்சி திருக்குறளின் அமைப்பு. வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார். மறதியும் சோர்வும் இன்றி விழிப்போடிருத்தலைக் கூறும் பொச்சாவாமையைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். தனி மனிதன் கொல்லாதிருக்க அவனுடைய மனம் கனிந்தால் போதும். நூறு வண்டிகளையும் இருநூறு டிரைவர்களையும் உடைய ஒரு ஸ்தாபனம் கொல்லாதிருக்க நிர்வாகம் வேண்டும் என்பதையே இவ்வமைப்பிலிருந்து நான் வாசித்துக்கொள்கிறேன்.

அந்த நிர்வாகம் எத்தகையது? 1980களின் பிற்பகுதியில் சோமாலியாவுக்குச் சென்ற ஆங்கிலேயரான பாரி கோல்மன், சுகாதாரப் பணிக்காகத் தருமவான்கள் அனுப்பிய வாகனங்கள், எளிய பராமரிப்புகூட இல்லாத காரணத்தால் பழுதுற்றுக் கிடப்பதைக் கண்டார். அந்தக் காட்சியின் விளைவாகவே, வாகனப் பராமரிப்பையே தருமமாகக் கொண்ட ‘ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்’ என்னும் இயக்கத்தை அவரும் அவருடைய மனைவி ஆண்ட்ரியாவும் பிறருடன் சேர்ந்து தோற்றுவித்தனர். செஞ்சிலுவைச் சங்கங்களின் சம்மேளனமும், உலக உணவுத் திட்டமும், வேர்ல்டு விஷனும் சேர்ந்து 2003இல் ‘ஃப்ளீட் ஃபோரம்’ என்ற அமைப்பை ஏற்படுத்தியது, தங்கள் வண்டிகளைப் பற்றியும் சாலைப் பாதுகாப்பைப் பற்றியும் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக. வண்டியை வாங்கிக் கொடுப்பவருடைய பெயர் அதன் கதவில் எழுதப்படுகிறது. எண்ணெய் மாற்றியவன் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. தானத்தைக் கொண்டாடும் மனம் பராமரிப்பைக் கொண்டாடுவதில்லை என்பது நம் கோயில்களுக்கும் பொருந்தும். கும்பாபிஷேகத்துக்கு உபயதாரர் வரிசையில் நிற்பார்கள். கூரையில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஒருவரும் வரமாட்டார்கள்.

இங்கே எழுகின்ற ஆட்சேபம் வலுவானது. பசியால் துடிப்பவன் காத்திருக்கும்போது வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் ஒருவகை ஹிம்சையன்றோ? ஆம்பலன்ஸ் மெல்லச் சென்றால் நோயாளி இறப்பானே? மறுக்கவில்லை. ஆனால் நிவாரண வண்டிகளின் அன்றாட ஓட்டத்தை எண்ணிப் பார்த்தால், உயிர் ஊசலாடும் அவசரத்துக்குச் செல்பவை சிலவே. கூட்டத்துக்கும், கணக்குப் பார்ப்பதற்கும், விருந்தினரை விமான நிலையத்தில் விடுவதற்கும் செல்பவை மிகப் பல. நூற்றில் ஒன்றின் அவசரத்தைக் கடன் வாங்கி மற்ற தொண்ணூற்றொன்பதும் விரைகின்றன. நல்லவர்களுக்கே உரிய ஆபத்து இது. கொள்ளைக்காரன் தன் வேகத்துக்குத் தருமத்தைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.

டிரைவரின் ஸ்தானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ணனுக்குத் தேரோட்டச் சொன்னதைச் சல்லியன் பெரும் அவமானமாகக் கருதினான். அர்ச்சுனனுக்குத் தேரோட்டியதைக் கண்ணன் அவ்வாறு கருதவில்லை. அலுவலகங்கள் பெரும்பாலும் சல்லியனுடைய கட்சியிலேயே இருக்கின்றன. இருட்டியபின் ஓட்டக்கூடாது, எல்லோரும் சீட் பெல்ட் அணியவேண்டும், களைப்புற்றால் நிறுத்தவேண்டும் என்று விதிகள் உள்ளன. ஸ்தாபனத்தின் மேலதிகாரி வண்டியில் ஏறியதும் அவ்விதிகளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது, முன்னே இருப்பவன் பின்னே இருப்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்ல முடிகிறதா என்பதைப் பொறுத்தது. பொழுது சாய்ந்துவிட்டது, இனி வண்டி நகராது என்று அவன் சொன்னால், அதிகாரி அந்தக் கிராமத்திலேயே இரவைக் கழித்துவிட்டு, கூட்டத்துக்கு வரமுடியாமற்போன காரணத்தைத் தம் கையாலேயே எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பட்டும்.