கரையிலே ஒரு தணல்



“இந்தப் பிள்ளையை மட்டும் ஒரு கரை சேர்த்துப்போட்டனெண்டால் எனக்கு நிம்மதி, சுவாமி” என்று சொல்லாத தாயை நான் இன்னும் சந்திக்கவில்லை. பிள்ளை கரைசேர்ந்த பின்னர் வீட்டு வேலை முடிய வேண்டும். வீடு முடிந்ததும் வெளிநாட்டிலுள்ள மகனுக்கு விசா சரிவர வேண்டும். அதுவும் சரிவந்தால் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். மகிழ்ச்சி எப்பொழுதும் அடுத்த படலைக்கு அப்பாலேயே நிற்கிறது.

நம் மக்கள் இப்படிக் காத்திருக்கப் பழகியதில் வியப்பில்லை. 1995-ம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு மழையிலும் இருளிலும் வெளியேறியவர்கள், “திரும்பிப் போனபின் வாழலாம்” என்று சொல்லாமல் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் 2009-ல் யுத்தம் முடிந்த பின்னரும் அந்தப் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. இன்றைய வேலை வெறும் பாரம், என்றோ வரப்போகும் நாள்தான் வாழ்க்கை என்று எண்ணியே வருடங்களைக் கழித்துவிடுகிறோம்.

அருளப்பர் நற்செய்தியின் 21-ம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். ஆண்டவர் உயிர்த்துவிட்டார், சீடர்கள் அவரைக் கண்டுமிருக்கிறார்கள். அப்படியிருந்தும் இராயப்பர் மீன்பிடிக்கப் போகிறார். மற்றும் ஆறுபேர் கூடப் போகிறார்கள். இரவு முழுவதும் வலைபோட்டும் ஒன்றும் படவில்லை. வெறும் வள்ளத்தோடு கரைதிரும்புவது எப்படியிருக்குமென்று பாசையூரிலோ பேசாலையிலோ உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய்க் காசும் நட்டம். வீட்டுக்குப் போனால் என்ன பதில் சொல்வது என்ற யோசனை வேறு. அந்த விடியற்காலையிலேதான் ஆண்டவர் கரையில் நிற்கிறார். அவர்கள் தொழில்செய்யும் இடத்துக்கே அவர்களைத் தேடி வந்திருக்கிறார்.

வலப்பக்கம் வலைபோட்டதும் 153 பெரிய மீன்கள் பட்ட புதுமையை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கடுத்து நடந்ததைத்தான் கவனிப்பதில்லை. கரையிலே ஏற்கெனவே தணல் எரிகிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் ஆயத்தமாயிருக்கிறது. சாவை வென்றவர், பசியோடு வரும் தொழிலாளருக்குக் காலைச் சாப்பாடு ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார்! நம் தாய்மார் தினமும் அடுப்படியிலே புகையோடு போராடிச் செய்யும் அதே வேலை.

இன்னுமொன்று. தம்மிடம் மீன் இருந்தும், அவர்கள் பிடித்ததிலும் சிலவற்றைக் கொண்டுவரும்படி கேட்கிறார். அவருக்கு என்ன குறை? அவர்களுடைய உழைப்பும் அந்தத் தணலுக்கு வர வேண்டுமென்று ஆசைப்பட்டார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். திருப்பலியிலும் நாம் கோதுமை மணியை அப்படியே ஒப்புக்கொடுப்பதில்லை, அப்பத்தை ஒப்புக்கொடுக்கிறோம். திராட்சைக் குலையைக் கொண்டுவருவதில்லை, இரசத்தைக் கொண்டுவருகிறோம். நடுவிலே யாரோ அரைத்திருக்கிறார்கள், பிசைந்திருக்கிறார்கள், பிழிந்திருக்கிறார்கள்.

சேசுசபைச் சகோதரரான புனித அல்போன்ஸ் றொட்றிகஸ் என்பவர் மனைவியையும் பிள்ளைகளையும் சாவுக்குக் கொடுத்து, வியாபாரமும் நொடித்து, நாற்பதை நெருங்கும் வயதிலே துறவு மடத்துக்கு வந்தவர். ஸ்பெயின் நாட்டின் மயோர்க்காத் தீவிலுள்ள ஒரு கல்லூரியில் அவருக்குக் கிடைத்த வேலை வாயிற்காவல். கதவைத் திறப்பதும் பூட்டுவதுமாகவே பல்லாண்டுகள் கழிந்தன. மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும், வெளியே நிற்பவர் ஆண்டவரே என்று எண்ணி, அவருக்கே மறுமொழி சொல்லிக்கொண்டு எழுந்து போவாராம். அங்கே மாணவராயிருந்த பீற்றர் கிளேவர் என்னும் இளைஞர் இவருடைய சொல்லால் தூண்டப்பெற்றுத் தென் அமெரிக்கா சென்று, அடிமைகளுக்கே தம் வாழ்வைக் கொடுத்தார். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1888-ம் ஆண்டு இருவரையும் ஒரே நாளில் புனிதர்களாகப் பிரகடனம் செய்தார்.

அதே பாப்பரசர்தான் 1891-ல் தொழிலாளரின் நிலைபற்றிச் சுற்றுமடல் எழுதி, நியாயமான கூலியை வற்புறுத்தினார் என்பதையும் மறக்கலாகாது. இதை வாசித்துவிட்டு எவராவது தம் வேலைக்காரரிடம், “சந்தோஷமாய்ச் செய், சம்பளத்தைப் பற்றிப் பேசாதே” என்று சொல்வாராயின், அவர் என் எழுத்தை மறந்துவிட்டு முதலில் சம்பளத்தைக் கொடுக்கட்டும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்திரிகை வேலையில் எனக்கு மிகவும் அலுப்புத் தருவது 31-ம் நாள் நினைவு அறிவித்தல்களின் அச்சுப்படியைத் திருத்துவது. மகன் கனடா, மகள் ஜேர்மனி, மருமகன் பிரான்ஸ் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். ஒரு வாரம் அவசரத்திலே கண்ணை ஓடவிட்டு அனுப்பிவிட்டேன். சில நாட்களின் பின் ஒரு வயோதிப மாது கந்தோருக்கு வந்தார். கோபிக்கவில்லை. செபப்புத்தகத்துக்குள்ளிருந்து பத்திரிகைத் துண்டொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“சுவாமி, இவற்றை பேரிலை ஒரு எழுத்து மாறிப்போச்சு. பரவாயில்லை, நான் பேனையாலை திருத்திப்போட்டன். பிள்ளையளுக்கு அனுப்ப இன்னொண்டு சரியாய்ப் போட்டுத் தருவியளோ?”

கணவனுடைய பெயரின் நடுவிலே, நடுங்கும் கையால் நீல மையில் எழுதிய ஓர் எழுத்து. எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அடுத்த இதழில் திருத்திப் போட்டோம்.

அன்றுமுதல் அந்த வேலை இலேசாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கண் வலிக்கிறது; சில நாட்களில் சினமும் வருகிறது. ஆனால், இந்தப் பெயர் யாரோ ஒருவருடைய செபப்புத்தகத்துக்குள் போகப்போகிறது என்ற நினைவோடு ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். அப்பொழுது மனதில் ஓர் அமைதி வருகிறது. விடுமுறை எடுத்துப் போய்த் தேடியபோது கிடைக்காத அமைதி அது. அதை மகிழ்ச்சி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நாளைக் காலை இந்த இதழ் அச்சுக்குப் போகிறது. மேசையிலே இன்னும் நான்கு அறிவித்தல்கள் கிடக்கின்றன. இத்துடன் நிறுத்திவிட்டு அவற்றை எடுக்கிறேன்.