ஒரு மில்லி விநாடிகூட விட்டுக்கொடுக்காதே!

"மெஷின் இன்னைக்கு ஸ்லோ." "நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும்." "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்." தினமும் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு உன் இருக்கைக்குத் திரும்புகிறாயே, ஏன் தம்பி? ஏன் தங்கையே? மென்பொருள் தளர்ந்துவிட்டது என்று உன் மனம் அடித்துச் சொல்கிறது. எழுந்து சொல்லத்தான் தைரியமில்லை. கையில் ஓர் எண் இருக்கட்டும், தைரியம் தானே வரும்!

ஆப்பிளில் சஃபாரி உலாவியைக் கட்டிய குழுவைப் பார். தலைவர் டான் மெல்டன் சட்டம் போட்டார்: எந்த மாற்றமும் உலாவியை மெதுவாக்கக் கூடாது. இணையப் பக்கங்களை வரிசையாகத் திறந்து நேரத்தை அளக்கும் ஒரு டெஸ்ட். கோட் எழுதியவர் அதை ஓட்டியே ஆக வேண்டும். நேரம் கூடினால் கோட் உள்ளே போகாது. அவசியமான வசதியா? வேறோர் இடத்தில் நேரத்தை மிச்சம் பிடித்துக் காட்டிவிட்டு வா! 2003 ஜனவரியில் மேடையேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் சஃபாரியின் வேகத்தைச் சொல்லி மார்தட்ட முடிந்தது இந்தப் பிடிவாதத்தால்தான்.

பிடிவாதம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? ஜிடிஏ ஆன்லைன் என்ற வீடியோ விளையாட்டு 2013இல் வந்தது. ஆட்டம் திறப்பதற்குள் நிமிடங்கள் ஓடும். 2021இல் வெளியாள் ஒருவர், மூல கோடைக் கண்ணால்கூடப் பார்க்காமல், தன் கணினியில் அளந்தே குற்றவாளியைப் பிடித்தார். ஏறக்குறைய 63,000 பொருட்களின் பட்டியல். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலிலிருந்து தேடுகிறது கோட். மொத்தம் சுமார் 198 கோடி ஒப்பீடுகள்! பட்டியலைப் படிக்கும் முறையிலும் இன்னொரு கோளாறு. இரண்டையும் சரிசெய்ததும் காத்திருப்பு சுமார் 70 சதவீதம் குறைந்தது. விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே அவருக்கு 10,000 டாலர் பரிசளித்தது. பட்டியலைப் பத்து மடங்கு பெருக்கி நேரம் பார்க்கும் ஒரு குட்டி டெஸ்ட் இதை அன்றே காட்டிக்கொடுத்திருக்கும் என்பேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். வாரத்துக்கு 1 சதவீதம் மெதுவானால் யார் கண்ணிலும் படாது. 52 வாரத்தில் 68 சதவீதம் மெதுவாகியிருக்கும்! அதன் பிறகு ஓராண்டு மாற்றங்களைக் கிளறிக்கொண்டு உட்காரப் போகிறாயா? இரவில் தானாக ஓடும் டெஸ்ட் இருந்தால், 'நேற்றுச் சேர்த்த இதுதான்' என்று காலையிலேயே கை நீட்டிவிடும்.

"ஒரே கோடை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு எண் வருகிறதே" என்று மடக்குவார்கள். அசராதே. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் குழு கடிகாரத்தை நம்பவில்லை. கேஷ்கிரைண்ட் என்ற கருவியை வைத்து ப்ராசஸரின் உழைப்பையே எண்ணியது. எத்தனை முறை ஓட்டினாலும் அந்த எண் அநேகமாக அசையாது. அப்படி அளந்து அளந்து, சின்னச் சின்னத் திருத்தங்களாகவே செய்து, 2014இல் 3.8.7 பதிப்பைப் பழைய 3.7.17ஐவிட 50 சதவீதம் வேகமாக்கினார்கள். உனக்கு அந்தக் கருவி வேண்டாம். பலமுறை ஓட்டி நடு எண்ணை எடு, அது போதும்.

இன்றே தொடங்கு. பயனர்கள் அதிகம் தொடும் ஒரே ஒரு திரை. அதற்கு ஒரே ஓர் எல்லை எண். ஒவ்வொரு மெர்ஜின்போதும் டெஸ்ட் தானாக ஓடட்டும். சிவப்பு விழுந்தால் எழுந்து நில். டீம் லீட் எழுதிய கோடாகவே இருக்கட்டும். "அண்ணா, இந்த மாற்றத்தால் 40 மில்லி விநாடி கூடியிருக்கு, சரிசெஞ்சுட்டுச் சேர்ப்போம்" என்று நிமிர்ந்து சொல்!